பறக்காத கூரை, வேகாத வீடு
(ஓர் அமைப்பியல் மாணவனின் வீட்டுப் பாடம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, கதையும் வராது என்று தப்பித்துவிடப் பார்த்தேன். "அப்ப ஒனக்கு என்னதான் வரும்?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக் கூரையைப் பத்தி வேணும்னா சொல்லலாம்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். பிறகு யோசித்துப் பார்த்தால், மூன்று ஆண்டுகளில் நான் கொஞ்சமாவது ஒழுங்காகப் படித்த பாடம் அந்தக் கூரைதான். அதில் ஒரு தடவை நான் மோசமாகத் தோற்றும் இருக்கிறேன். ஆகவே அதையே எழுதுகிறேன்.

என் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வீட்டு அனுபவம் உண்டு. முதல் வீடு கீத்து மேய்ந்த கூரை வீடு. அக்னி நட்சத்திரத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அது கஜா புயலில் போய்விட்டது. இரண்டாவது, அதே மனையில் அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டிய கான்கிரீட் வீடு. அது எந்தப் புயலுக்கும் அசையாது. ஆனால் சித்திரை, வைகாசியில் அதற்குள் மனுசன் படுக்க முடியாது. எங்கள் அப்பத்தா அந்த வீட்டுக்கு வைத்த பெயர் "இட்லிச் சட்டி".

குளிர்ந்த வீடு பறக்கிறது. பறக்காத வீடு வேகிறது. இரண்டு குணத்தையும் ஒரே வீட்டில் கொண்டுவர முடியாதா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2018, நவம்பர் 16

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கஜா புயல் நள்ளிரவுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கரை கடந்தால் புயல் தளர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அது தளராமல் நம் மாவட்டத்துக்குள் வந்தது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இதை உங்களில் பலரும் உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் முதலில் முகட்டில் ஓர் ஓசை. பிறகு எரவானம் படபடவென்று அடித்தது. அப்பா கயிற்றைப் போட்டு விட்டத்தோடு இழுத்துக் கட்டப் பார்த்தார். முடியவில்லை. அடுத்த வீட்டு மாடிக்கு ஓடினோம். விடிந்து வந்து பார்த்தபோது மண்சுவர் பாதியும், அம்மியும், குதிரும்தான் இருந்தன. 1977 நவம்பரில் வந்த புயலையும் பார்த்த அப்பத்தா, "அப்பயும் இப்புடித்தான் போச்சு. அப்ப மறுவாரமே மேஞ்சுட்டோம். இப்ப மேயக் கீத்துக்கு எங்க போறது, தென்னையே இல்லையே" என்றது.

தென்னை நட்டால் காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருடம். கீத்து இல்லை, முடைகிற ஆளும் இல்லை. நம் பகுதியில் கூரை வீடு மறைந்ததற்கு அரசுத் திட்டங்களும் நாகரிகமும் மட்டும் காரணமில்லை. கூரைக்கான பொருளையே காற்று வாரிக்கொண்டு போய்விட்டது.

கூரை வீடு ஏன் குளிர்ந்தது? கான்கிரீட் ஏன் வேகிறது?

காய்ந்த கீத்துக்குள் ஆயிரம் காற்றுப் பொந்து இருக்கிறது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. கான்கிரீட்டோ கெட்டிப் பொருள். கீத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் சேமிப்பு. நாலரை அங்குலத் தளத்தில் ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 290 கிலோ. அவ்வளவு கனமும் பகல் முழுக்க வெயிலை வாங்கிச் சேமிக்கிறது. வாங்கின சூடு உள்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். மதியம் ஒரு மணி வெயில், நாம் சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்காரும்போதுதான் தலையில் இறங்கும். பிறகு இரவெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி போட்டால் அந்தச் சூட்டைத்தான் நம் மேல் இறைக்கும்.

மூன்றாவது காரணம் நாம் கவனிக்காதது. பழைய வீட்டில் வெயில் சுவரைத் தொடவே தொடாது. எரவானம் இடுப்பளவுக்குத் தாழ்ந்து கிடக்கும். வாசலில் திண்ணை, அதன்மேல் தாவாரம். புது வீட்டில் சன்னலுக்கு மேல் ஒன்றரையடி சன்ஷேடு மட்டும். மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்க வெயிலில் நிற்கிறது.

ஆகக் கூரை வீட்டின் குளிர்ச்சி கீத்தில் மட்டும் இல்லை. வெயிலைத் தடுப்பது, நிழலை நீட்டுவது, காற்றுக்கு வழி விடுவது என்ற மூன்று வேலைகளில் இருக்கிறது. கீத்துப் போய்விட்டாலும் இந்த மூன்று வேலைகளையும் வேறு பொருளால் செய்ய முடியும். நம் முன்னோர் வழக்கங்களை இன்றைய பருவத்துக்கு ஏற்ப மாற்றி அமைப்பது என்றால், என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, அந்த வேலை என்ன என்று கண்டுபிடித்துப் பொருளை மட்டும் மாற்றுவதுதான்.

நான் செய்த தப்பு

2024 மே மாதம். முதலாண்டுத் தேர்வு முடித்த தெம்பு. அப்பத்தா இரவில் வீட்டுக்குள் படுக்க மறுத்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தது. வயது எழுபத்தைந்துக்கு மேல். பாம்பு, பூச்சி என்று அம்மாவுக்குப் பயம். "நான் தாவாரம் போட்டுத் தர்றேன் அப்பத்தா" என்று சொல்லி, பத்தடிக்கு ஆறடி இரும்புச் சட்டம் அடித்து, மேலே தகரம் போட்டேன். ஒரு பக்கத்தைத் தளத்தின் விளிம்பில் பிளக் வைத்துத் திருகாணியால் முடுக்கினேன். மறுபக்கத்துக்கு இரண்டு குழாய்க் கால். ஓரடி குழி தோண்டி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்தது. பெருமை தாங்கவில்லை. அப்பத்தா கட்டிலை அங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டது.

எட்டாம் நாள் சாயங்காலம் கோடை மழைக்கு முந்தின காற்று. புயல் இல்லை, பெயர் வைக்கிற காற்றே இல்லை. ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட அப்பத்தா எழுந்து கொட்டகைப் பக்கம் போனது. ஐந்து நிமிடம் இருக்கும். படாரென்று ஒரு சத்தம். தாவாரம் அப்படியே மேலே எழும்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, கட்டிலின்மேல் ஒரு கால் விழ, தகரம் கழன்று பக்கத்துக் கொல்லையில் போய்ச் சொருகியது. கட்டிலின் சட்டம் இரண்டாக முறிந்திருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா முறிந்த கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பத்தா மட்டும், "காத்தடிச்சா ஒங்கய்யா கூரைமேல கல்லுக் கட்டித் தொங்கவிடுவாரு. நீ என்னாப்பு கட்டுன?" என்று கேட்டது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தகரம் கீழே விழாமல் இருக்கத்தான் யோசித்திருந்தேனே தவிர, அது மேலே போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

அன்று போட்டிருக்க வேண்டிய கணக்கு

மூத்த மாணவர் ஒருவரிடம் இருந்து காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நூலை வாங்கினேன் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி). அதில் உள்ள சூத்திரம் மிக எளியது: அழுத்தம் = 0.6 × வேகம் × வேகம். வேகம் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று போட்டால், அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். 9.81-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு.

மூன்று வேகங்களுக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. கோடை மழைக் காற்று, மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: வினாடிக்கு 22.2 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 30 கிலோ.

2. புயல் காற்று, மணிக்கு 120 கிலோமீட்டர்: வினாடிக்கு 33.3 மீட்டர். அழுத்தம் சுமார் 68 கிலோ.

3. தர நூல் திருச்சிக்குக் கொடுக்கும் அடிப்படை வேகம், வினாடிக்கு 47 மீட்டர்: அழுத்தம் சுமார் 135 கிலோ.

வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் அழுத்தம் இரண்டே கால் மடங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். வேகம் வர்க்கமாகப் பெருகுவதால் வரும் வினை இது.

இனி கூரை எடை. தகரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. சீமை ஓடு சுமார் 40 கிலோ. ஆர்.சி.சி. தளம், மேலே சொன்னபடி, 290 கிலோ. தாவாரம் பக்கங்கள் திறந்தது. அதற்குள் புகுந்த காற்று கீழிருந்து மேலே தள்ளும், மேலே ஓடுகிற காற்று உறிஞ்சும். ஆகவே கிட்டத்தட்ட முழு அழுத்தமும் தூக்கு விசையாகவே வரும். விளிம்பில் அதற்கு மேலும் வரும்.

என் தாவாரம் 60 சதுர அடி, அதாவது 5.57 சதுர மீட்டர். தகரத்தின் எடை 28 கிலோ. அன்றைய சாதாரணக் காற்றின் தூக்கு விசை 5.57 × 30 = 167 கிலோ! இந்த வித்தியாசத்தை நாலு பிளக்கும் மிதித்த மண்ணும் தாங்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். கான்கிரீட் தளம் ஏன் புயலுக்கு அசையவில்லை என்பதும் இதே கணக்கில் விளங்கும். அது கனத்தால் நிற்கிறது. மற்றதெல்லாம் கட்டால்தான் நிற்க வேண்டும். கல்லுக் கட்டித் தொங்கவிட்ட என் அய்யா சூத்திரம் படிக்காதவர். ஆனால் விசை எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாவாரத்தைத் தனியே நிறுத்து

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலுக்கு நீண்ட எரவானம் வேண்டும். புயலுக்குக் குட்டை எரவானம்தான் நல்லது. புயல் பகுதிக் கட்டட வழிகாட்டிகள் எரவானத்தை ஒன்றரையடிக்கு மேல் நீட்டாதே என்கின்றன. நீட்டினால் காற்று அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கூரையையும் உரித்துவிடும். எங்கள் பழைய வீடு போனதும் எரவானத்தில் ஆரம்பித்துத்தான்.

இதற்கு விடையும் அதே வழிகாட்டிகளில் இருக்கிறது: தாவாரத்தின் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காதே, தனியாக நிறுத்து. மிஞ்சிமிஞ்சிப் போனால் தாவாரம் மட்டும் போகும், வீடு நிற்கும். நிழலும் நீளமாகக் கிடைக்கும்.

2024 செப்டம்பரில், ஐப்பசி மழைக்கு முன்னால், எங்கள் ஊர் ஆசாரி தாத்தாவையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கட்டினேன். செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

(அ) நான்கு கால். தர நூல் வேகத்துக்கே கணக்குப் போட்டேன்: 5.57 × 135 = 752 கிலோ. ஒரு காலுக்கு 188. பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு என்றால் 282 கிலோ. ஒன்றரையடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி ஆழக் குழியில் கான்கிரீட் போட்டால் அதன் எடை 306 கிலோ. கணக்கு நேராயிற்று. காலை அந்தக் கான்கிரீட்டுக்குள்ளேயே பதித்து, அடியில் குறுக்குக் கம்பி வைத்தோம், உருவிக்கொண்டு வராமல் இருக்க.

(ஆ) கூரைக்குப் பனங்கை. கஜாவில் தென்னைகள் சாய்ந்த இடத்தில் பனைகள் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். ஒருவர் வீடு பிரித்தபோது பழைய வைரம் பாய்ந்த பனங்கைகளும் சீமை ஓடும் மலிவாகக் கிடைத்தன.

(இ) சரிவு ஏறத்தாழ 25 பாகை. மிகத் தட்டையாக இருந்தால் காற்று அதிகம் உறிஞ்சும்.

(ஈ) கட்டு. ஆணியை மட்டும் நம்பவில்லை. பனங்கை, குறுக்குச் சட்டம், கால் மூன்றும் சேரும் இடங்களில் இரும்புப் பட்டை சுற்றி போல்ட் போட்டோம். சீமை ஓட்டின் அடிப்பக்கக் குமிழில் ஒரு துளை இருக்கும். பலரும் அதை எதற்கு என்று கவனிப்பதில்லை. அதில் கால்வனைஸ் கம்பியைக் கோத்து வரிச்சோடு முறுக்கிவிட்டோம். ஓரத்து இரண்டு வரிசைகளில் ஒவ்வோர் ஓட்டுக்கும் கம்பி உண்டு.

(உ) வீட்டுத் தளத்துக்கும் தாவாரக் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதன்மேல் ஒரு தகரப் பட்டை மழைக்கு. சூடான காற்று அந்த இடைவெளி வழியே மேலே போய்விடும்.

ஆசாரி தாத்தா முதலில் சிரித்தார். "ஒக்காந்து வெத்தல போடுற எடத்துக்கு இம்புட்டு அஸ்திவாரமா தம்பி?" என்றார். முறிந்த கட்டிலைக் காட்டினேன். அப்புறம் சிரிக்கவில்லை. கட்டுகளை அவரே இரண்டாம் முறை முறுக்கிப் பார்த்தார்.

பழைய வழக்கம் ஒன்றையும் இதில் மீட்டுக்கொண்டோம். கூரை வீட்டில் மழைக்கு முன்னால் கட்டு பார்ப்பார்கள். அறுந்த கயிற்றை மாற்றுவார்கள். கான்கிரீட் வீடு வந்த பிறகு அந்த வழக்கம் போயிற்று. இப்போது வருடந்தோறும் புரட்டாசியில் ஒரு நாள் போல்ட்டு, கம்பி, பட்டை எல்லாவற்றையும் நான் ஸ்பானரோடு சுற்றிப் பார்க்கிறேன். துரு பிடித்த கம்பியை மாற்றிவிடுவேன்.

பொங்கல் சுண்ணாம்பு மாடிக்கு ஏறட்டும்

தாவாரம் சுவரைக் காத்தது. தளம்தான் பாக்கி. தளத்தின்மேல் கீத்துப் பரப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்கிறார்கள்தான். ஆனால் காற்றில் பறக்கும், மழையில் மக்கித் தண்ணீர்க் குழாயை அடைக்கும், தீக்கும் பயம். தளத்தில் தண்ணீர் தேங்கினால் கம்பி துருப்பிடிக்கும்.

அப்போதுதான் பொங்கல் வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கி வந்தோம். சுவருக்கு அடிக்கிற வெள்ளையைத் தளத்துக்கு அடித்தால் என்ன?

யோசித்துப் பாருங்கள். பழகிக் கறுத்த கான்கிரீட், தன்மேல் விழும் வெயிலில் பத்தில் மூன்று பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதுச் சுண்ணாம்பு பத்தில் ஏழு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே வந்த வெயிலோடு போராடுவதைவிட வாசலிலேயே வழியனுப்புவது சுலபம் அல்லவா? காலமும் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. தையில் அடித்த வெள்ளை, பங்குனி முதல் ஆவணி வரை வெயில் காலம் முழுவதும் நிற்கும். மழையில் கரைந்தாலும் அடுத்த தையில் மறுபடி அடிக்கப் போகிறோம். புதிதாக ஒரு பண்டிகை வேண்டியதில்லை; இருக்கிற பண்டிகையில் ஏணியை எடுத்துச் சாத்தினால் போதும்.

செய்முறை: எங்கள் மாடிக்குப் பத்து கிலோ சுண்ணாம்பு போதுமானதாக இருந்தது. முதல் நாளே தண்ணீரில் போட்டுத் தாளிக்க வேண்டும். தாளிக்கும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சிறு பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், பிளாஸ்டிக் வாளி வேண்டாம். மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் பசையும் கலந்துகொள்ளலாம். தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே முதல் பூச்சு. காய்ந்தபின் இரண்டாவது, மூன்றாவது. வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் நன்றாகப் பிடிக்கும். அடித்து முடித்த மாடியில் மதிய வேளையில் நிற்காதீர்கள், கண் கூசும்.

சோதனைக்காக முதலில் பாதித் தளத்துக்கு மட்டும் அடித்தேன். 2025 ஏப்ரலில் ஒரு வாரம், இரண்டு பாதிக்கும் கீழே ஒவ்வொரு வெப்பமானி கட்டிச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தேன். வெள்ளையடித்த பக்கம் மூன்று, நான்கு டிகிரி குறைவாகவே இருந்தது. இது என் வீட்டு ஒரு வாரக் கணக்குதான். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எட்டாம் நாளே மீதிப் பாதிக்கும் அடிக்கச் சொல்லி அம்மா ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டது உண்மை.

பிற ஊர்களின் பாடம்

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் கடும் வெப்ப அலையில் பல உயிர்கள் போயின. அதன் பிறகு 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் அதன் ஒரு பகுதியாக ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் நடந்தது. நம் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதே 2024-தான் உலகில் இதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பம் மிகுந்த ஆண்டு. புயலை மட்டும் பேரிடர் என்று எண்ணிய காலம் போய்விட்டது. சத்தமில்லாமல் வீட்டுக்குள் இருப்பதும் பேரிடர்தான். முதலில் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் அது தேடிவரும்.

கேரளத்தில் பல்லாண்டு வேலை செய்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007), கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் விசை அதிகம் இல்லாத இடங்களில் பழைய ஓடுகளை வைத்து வார்ப்பதைப் பரப்பினார். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, வெப்பமும் குறைவு. ஓட்டுக்குப் பதில் வேளார் வனைந்த மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தும் வார்க்கிறார்கள். இதைக் கம்பிக் கணக்குத் தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன்? திருமயம் பக்கம் ராயவரம், கோனாபட்டு போய்ச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுச் சரிவு. அவை வசதி படைத்தவர்கள் கட்டியவை. பர்மாத் தேக்கை நாம் வாங்க முடியாது. ஆனால் நிழலுக்கும் சுண்ணாம்புக்கும் பர்மா போக வேண்டியதில்லையே.

அந்த 60 சதுர அடி

இனி நம் கைக்கு வரப்போகும் விஷயம். 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம், 2030-க்குள் குடிசைகளுக்குப் பதில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு வந்தது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குத்தான் ஆர்.சி.சி. கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு பொருளில் கூரை போட்டுக்கொள்ளலாம்.

60 சதுர அடி! என் தாவாரத்தின் அளவேதான். பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு தகரத்தைத் தள்ளிச் செருகி முடித்துவிடுவதைப் பார்க்கிறேன். அந்த 60 சதுர அடியை மேற்கிலோ தெற்கிலோ வைத்து, தனிக் காலில் நிறுத்தி, ஓடு போட்டு, கட்டிக் கொடுத்தால், அது அந்த வீட்டின் திண்ணை. வெயிலைத் தடுக்கும், கிழவிக்குக் கட்டில் போடும், பிள்ளை படிக்கும். தகரமாகச் செருகிவிட்டால், பறக்கக் காத்திருக்கும் கத்தி. நாளைக்கு மேற்பார்வையாளராகவோ ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவராகவோ அந்த இடத்தில் நிற்கப் போவது நம்மில் பலர்தான். பெரிய பொறியாளர் பாலம் கட்டுவார். 60 சதுர அடி நம் கையில்.

முடிவாக

நண்பர்களே, உங்களை நான் கேட்டுக்கொள்வது மூன்று.

ஒன்று: இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். எதை எங்கே கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: உங்கள் தெருவில் தகரம் போட்ட தாவாரம் எத்தனை, அவை எதில் பிடித்து நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பயமாக இருந்தால், அதுதான் படிப்பின் பயன். வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மூன்று: வருகிற தையில் சுண்ணாம்பு வாளியோடு மாடிக்கு ஏறுங்கள். இயந்திரவியல், மின்னியல் நண்பர்களும் வரலாம். வெள்ளையடிக்க டிப்ளமா எந்தப் பிரிவானாலும் சரி.

முறிந்த கட்டில் சட்டத்தை நான் தூக்கிப் போடவில்லை. தாவாரத்தில் ஒரு மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். அப்பத்தா அதற்குப் பக்கத்தில்தான் புதுக் கட்டிலில் படுக்கிறது. போன வைகாசியில் ஒரு ராத்திரி காற்று பலமாக அடித்தது. நான் பதறி எழுந்து ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பத்தா கண்ணைத் திறக்காமலே, "போயிப் படு அப்பு, ஒன் கட்டு நிக்குது" என்றது.

ஆண்டுத் தேர்வில் எனக்கு எத்தனை மதிப்பெண் வருமோ தெரியாது. இந்தப் பாடத்தில் நான் தேறிவிட்டதாகவே நினைக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் பிரிவு